படத்துள் அடைபட்ட தமிழ்: இசைக்கலைஞர், சிறுவணிகர் சமூக ஊடகப் பக்கங்களின் வடிவமைப்பு – ஒரு திறனாய்வு

முன்னுரை

இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைக்கும் என்பதைக் கொடி உயர்த்தி அறிவித்த வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. வழிபாட்டுக்குரிய கொடி, வாதுக்கு அழைக்கும் அறிஞரின் கொடி, கப்பல்களின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி எனப் பலவும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. கொடியைக் கண்டவர், அதனை ஏற்றியவர் யார், அங்குக் கிடைப்பது யாது என்பதை ஐயமின்றி அறிந்துகொண்டனர்.

இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலும் கடை நடத்துவோர், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் பெண்கள், சொந்தச் செலவில் பாடல் பதிவுசெய்து வெளியிடும் இளங்கலைஞர் ஆகியோர் தம் கொடியை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் ஏற்றுகின்றனர். கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றைத் திறனாய்வு செய்யும் நாம் இப்பக்கங்களைத் திறனாய்வுக்குரிய எழுத்தாகக் கருதுவதில்லை. எனினும், நம் மாணவர்கள் நாள்தோறும் காணும் பொதுத்தமிழில் பெரும்பகுதி இப்பக்கங்களில்தான் உள்ளது. ஆகவே, இவற்றின் வடிவமைப்பையும் அதில் தமிழ் பெறும் இடத்தையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தனிப்பட்ட எவருடைய பக்கத்தையும் பெயர் சுட்டிக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பரவலாகக் காணப்படும் இயல்புகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

இப்பக்கங்களில் தமிழ் உண்டு. ஆனால், அது பெரும்பாலும் படத்துள் தீட்டப்பட்ட ஓவியமாக இருக்கிறது; தேடவும் படிக்கவும் படியெடுக்கவும் ஏற்ற எழுத்தாக இல்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், அதன் விளைவு பெரிது என்பதே நாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

பக்கம் வந்த வழி

ஒலிநாடாவும் குறுந்தட்டும் புழக்கத்திலிருந்த காலத்தில், பாடல் தொகுப்பொன்று வெளிவந்தால் அதன் அட்டையிலும் உள்தாளிலும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்கள் அச்சிடப்படும். கடைக்காரர் விளம்பரம் செய்ய விரும்பினால் நாளிதழை நாடுவார். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களில் வெளியான சிறு விளம்பரங்கள், அச்சுக்கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர் ஆகியோரின் கைகளைக் கடந்தே வாசகரை அடைந்தன. விளம்பரம் கொடுத்தவர் தமிழ் எழுத அறியாதவராயினும் விளம்பரம் தமிழில் வந்தது.

யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு வெளிவந்த 2006ஆம் ஆண்டில்தான் முகநூல் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. நிறுவனங்களுக்கும் கலைஞர்களுக்கும் உரிய தனிப்பக்கங்களை அது 2007இல் அறிமுகப்படுத்தியது. 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தது. 2018இல் வாட்ஸ்அப் எனும் புலனம் சிறுவணிகர்க்கெனத் தனிச்செயலியை வெளியிட்டது. இவ்வளர்ச்சியால் வணிகரும் கலைஞரும் இடைத்தரகரின்றி வாசகரை அடைந்தனர் என்பது பெரும் நன்மையே. அதே வேளையில், எழுத்தைச் செப்பனிட்டுத் தந்த அச்சகத்தாரும் மறைந்தனர். விளம்பர வாசகம் எழுதுதல், எழுத்துரு தேர்தல், படம் அமைத்தல், பிழைநீக்கல் ஆகிய அனைத்தும் உரிமையாளரின் தலைமீதோ, சிறு தொகைக்கு வேலைசெய்யும் ஓர் இளம் வடிவமைப்பாளரின் தலைமீதோ வந்து விழுந்தன.

வாழ்த்து தமிழில், விலை ஆங்கிலத்தில்

தீபாவளிக்கு முன்பு பலகாரம் விற்கும் பக்கம் ஒன்றின் பொதுவான அமைப்பை நோக்குவோம். படத்தின் மேற்பகுதியில் பொன்னிற எழுத்தில் ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ எனத் தமிழ் ஒளிர்கிறது. அதன்கீழ் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை ஆகியவற்றின் பெயர்கள் உரோமன் எழுத்தில் உள்ளன. விலை, அளவு, கொண்டுசேர்க்கும் இடம், சொல்லிவைக்க வேண்டிய இறுதிநாள் ஆகியவை ஆங்கிலத்தில் உள்ளன. படத்திற்கு வெளியே, பதிவின் விளக்கப் பகுதியில், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

புதிய பாடலை அறிவிக்கும் பக்கத்திலும் இதே பங்கீட்டைக் காண்கிறோம். பாடலின் பெயர் தூரிகையால் எழுதியதுபோல் அழகிய தமிழில் அமைகிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் திரைப்படச் சுவரொட்டிகளில் காண்பதுபோல் படத்தின் அடியில் நெருக்கிய உரோமன் எழுத்தில் இடம்பெறுகின்றன. கைப்பேசியில் அவற்றைப் படிப்பது அரிது. விளக்கப் பகுதியில் பாடல் வெளியாகிவிட்டது என்னும் ஓர் ஆங்கிலத் தொடரும் சில குறிச்சொற்களும் மட்டுமே உள்ளன. வடிவமைப்போ சென்னைத் திரையுலகின் முதற்பார்வைச் சுவரொட்டியை அப்படியே பின்பற்றுகிறது. புகைமண்டலம், நெருப்புப்பொறி, பக்கவாட்டில் திரும்பிய முகம் ஆகியவை நிறைந்துள்ள அப்படத்தைக் கண்டு, அது ஈப்போவில் பிறந்த பாடலா, ஜொகூரில் பிறந்த பாடலா என அறிய வழியில்லை.

ஆக, உணர்ச்சிக்கும் அலங்காரத்திற்கும் தமிழ். செய்திக்கும் கணக்கிற்கும் ஆங்கிலம் என்னும் பிரிவினை இப்பக்கங்களில் வேரூன்றியுள்ளது. கோலாலம்பூரில் கடைப்பலகையில் தேசிய மொழி முதன்மை பெற வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டின் விளம்பரத் துணைச்சட்டங்களால் நெறிப்படுத்தப்படுகிறது. அப்பலகையில் தமிழுக்குச் சிறிய இடமே கிடைப்பதற்குச் சட்டம் ஒரு காரணம் எனலாம். சமூக ஊடகப் பக்கத்திற்கு அத்தகைய விதி ஏதுமில்லை. அங்கும் தமிழ் சுருங்கியிருப்பதற்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

தமிழ் படமாக மாறியதன் காரணங்கள்

முதற்காரணம் தொழில்நுட்ப வரலாற்றில் உள்ளது. கணினித் தமிழுக்கு இவ்வட்டாரம் ஆற்றிய பணி பெரிது. முத்து நெடுமாறனின் ‘முரசு’ 1985இல் தோன்றியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களில் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. 2005இல் கைப்பேசிக்கான ‘செல்லினம்’ வெளிவந்தது. இவற்றின் பயனாகவும் ஒருங்குறியின் பரவலாலும் தட்டச்சில் தமிழ் நிலைபெற்றது.

எனினும், வடிவமைப்பாளர் கையாளும் மென்பொருள்கள் இவ்வளர்ச்சிக்குப் பின்தங்கியே வந்தன. அடோபி போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழை இட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தமக்குரிய இடத்தில் நில்லாமல் மெய்க்குப் பின்னே சென்று நிற்கும். பிற்பதிப்புகளில் இக்குறை நீங்கினும், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைப் பயனர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இதனை அறியாத வடிவமைப்பாளர் பலர் ‘பாமினி’ போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களையே நாடினர். அவற்றில் எழுதியது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாக மாறிவிடும். ஆகவே, தமிழைப் படமாக்கிவிடுவதே பாதுகாப்பான வழி என்னும் பழக்கம் தொழிலில் நிலைத்தது. காரணம் நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை.

இரண்டாவது காரணம் தளங்களின் அமைப்பு. இன்ஸ்டாகிராமில் பயனர் முகவரிப்பெயரை உரோமன் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைக்க இயலும். அறிமுகப் பகுதிக்கு 150 குறிகளே எல்லை. தமிழில் உயிர்மெய்க் குறியீடும் புள்ளியும் கணினியில் தனித்தனிக் குறிகளாகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு 3 எழுத்து. ஒருங்குறியில் 5 குறி. அறிமுக வரியைத் தமிழில் எழுதுவோர்க்கு இடம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. மேலும், ஆயத்த வார்ப்புருக்கள் குறுகிய ஆங்கிலச் சொற்களை மனத்திற்கொண்டு உருவானவை. அவற்றில் அகன்ற எழுத்துகளும் நீண்ட சொற்களும் கொண்ட தமிழை இட்டால் வரி உடைகிறது, அல்லது எழுத்து படிக்க இயலாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் அச்சம். தமிழில் எழுதினால் பிழை வருமோ, வந்தால் பலர் முன் இகழ நேருமோ என்னும் தயக்கம் சிறுவணிகரிடம் வலுவாக உள்ளது. ஒற்று மிகுமிடத்தை மறந்த ஒரு பலகாரக்காரியின் பதிவின்கீழ் தமிழறிந்தோர் சிலர் திரண்டு திருத்தம் சொல்வதை நாம் காண்கிறோம். அதே பதிவு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்திருப்பின், அதன் ஆங்கிலப் பிழையை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். தமிழில் எழுதியவருக்குத் தண்டனையும் எழுதாதவருக்கு விலக்கும் கிடைக்கும் சூழலில், அடுத்த ஆண்டு அப்பெண் எம்மொழியை நாடுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நேரும் இழப்புகள்

படத்துள் அடைபட்ட தமிழால் நேரும் இழப்பு நான்கு வகைப்படும்.

முதலாவது, தேடலில் நேரும் இழப்பு. தமிழ்ச்சொற்களை உரோமன் எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லை. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் குறிக்கிறார். நெடிலை ஒருவர் காட்டுகிறார், மற்றொருவர் விட்டுவிடுகிறார். ஒருவர் தம் பாடலுக்கு ‘மழை’ எனப் பெயரிட்டால், உரோமன் எழுத்தில் அது ‘மலை’ எனவும் படிக்கப்படலாம். தமிழ் எழுத்தில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. 2025 சூலை முதல், தொழில்முறைக் கணக்குகளின் பொதுப்பதிவுகளைக் கூகுள் போன்ற தேடுபொறிகளில் தோன்றச்செய்ய இன்ஸ்டாகிராம் வழிசெய்துள்ளது. விளக்கப் பகுதியில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லின் மதிப்பும் இதனால் உயர்ந்துள்ளது. தமிழில் தேடுபவருக்குத் தமிழில் எழுதியவரே முதலில் அகப்படுவார்.

இரண்டாவது, பார்வையற்றோர்க்கு நேரும் இழப்பு. திரைவாசிப்பான் எழுத்தையே உரக்கப் படிக்கிறது. படத்திற்கு மாற்றுவிளக்கம் எழுதும் வசதியை இன்ஸ்டாகிராம் 2018இல் அளித்தது. அதனை நிரப்பாதவரின் பக்கத்தில் வாழ்த்தும் விலையும் பாடலின் பெயரும் பார்வையற்ற தமிழருக்கு இல்லாதவையே ஆகும்.

மூன்றாவது, உரியவர் பெயர் அழிதல். படத்தின் விளிம்பில் எழுதப்படும் பெயர்கள் தளத்தின் விருப்பப்படி வெட்டப்படுகின்றன. இன்ஸ்டாகிராம் 2025 சனவரியில் தன் பக்க அடுக்கைச் சதுரத்திலிருந்து உயர்ந்த செவ்வகமாக மாற்றியபோது, பழைய சதுரப் படங்களின் இருபுற விளிம்புகளும் அடுக்கில் மறைந்தன. விளிம்பில் பெயர் எழுதி வைத்திருந்த பாடலாசிரியரின் நிலை யாதாயிற்று? அவர் பெயர் விளக்கப் பகுதியில் எழுத்தாக இருந்திருப்பின் எந்த வெட்டும் அதனைத் தொட்டிராது. இந்நாட்டுத் தமிழ்ப்பாடல்களுக்கு வரி எழுதுவோரில் தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பிலும் பயின்று வந்தோர் உண்டு. அவர்தம் பெயர் காணாமற்போவது நம் வகுப்பறையின் பயன் காணாமற்போவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, ஆவண இழப்பு. 2003இல் தொடங்கி உலகெங்கும் இசைக்கலைஞரின் முதல் இணைய வீடாக விளங்கிய மைஸ்பேஸ் தளம், 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் தரவு இடமாற்றத்தின்போது அழிந்துவிட்டதை 2019இல் ஒப்புக்கொண்டது. அழிந்த பாடல்கள் ஐந்து கோடிக்கும் மேல் எனச் செய்திகள் கூறின. மலேசியாவில் அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. ஆனால், ஒரு கலைஞரின் சமூக ஊடகப் பக்கம் அவ்வாறு எவரிடமும் ஒப்படைக்கப்படுவதில்லை. 24 மணி நேரத்தில் மறையும் ‘ஸ்டோரி’யில் மட்டும் அறிவிக்கப்பட்ட பாடலின் வரலாற்றை 20 ஆண்டுகளுக்குப் பின் எழுத முற்படும் ஆய்வாளருக்கு எஞ்சுவது யாது?

மறுப்புகளும் விளக்கமும்

இங்குச் சில மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வாங்குவோரில் தமிழ் படிக்க அறியாத இந்தியரும் மலாய்க்காரரும் சீனரும் உள்ளனர். தமிழில் மட்டும் எழுதினால் வணிகம் குறையும் என்பது முதல் மறுப்பு. இது முற்றிலும் நியாயமானது. வாடகையும் மூலப்பொருள் விலையும் ஏறும் காலத்தில் மொழிப்பற்றின் சுமையைச் சிறுவணிகர் தனியே சுமக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அறமாகாது. ஆனால், நாம் வேண்டுவது தமிழ் மட்டும் என்பதன்று, தமிழும் என்பதே. இன்ஸ்டாகிராம் விளக்கப் பகுதி 2,200 குறிகள் வரையும், யூடியூப் விளக்கப் பகுதி 5,000 குறிகள் வரையும் இடந்தருகின்றன. மூன்று மொழிகளிலும் செய்தியைச் சொல்ல இது போதும்.

தமிழில் எழுதிய பதிவைத் தளங்கள் பரப்புவதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. தளங்கள் தம் வரிசைமுறையை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆகவே, இது கேள்விச்செய்தியாகவே நிற்கிறது. தமிழ் எழுத்துடன் வெளியாகும் காணொளிகள் பல இலட்சம் பார்வைகளைப் பெறுவதை யூடியூப்பில் எவரும் காணலாம்.

படத்திலுள்ள எழுத்தை இன்றைய கருவிகள் படித்துவிடுகின்றன என்பது மூன்றாவது மறுப்பு. தெளிவான அச்செழுத்தைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மையே. ஆனால், இப்பக்கங்களில் பயிலும் வளைத்தும் நெளித்தும் பொறிபறக்க எழுதிய தலைப்பெழுத்துகளில் கருவி தடுமாறுகிறது. ஒருவரின் பெயர் நிலைப்பதும் நிலையாமையும் கருவியின் ஊகத்தைச் சார்ந்திருத்தல் ஆகாது.

ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

இப்பக்கங்களை மதிப்பிட அயல்மரபில் அளவுகோல் தேட வேண்டியதில்லை. கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை நம்மிடம் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதற்கு இலக்கணம் வகுத்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையைச் சார்ந்தவை. அங்குப் பரிசில் பெற்ற கலைஞன் மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டுகிறான். இன்றைய பக்கத்தில் கலைஞரோ வணிகரோ தம்மிடம் வருவதற்கு வாசகருக்கு வழிகாட்டுகிறார். திசை மாறினும் தேவை ஒன்றே. நல்ல ஆற்றுப்படை, செல்லும் வழி, வழியில் கிடைக்கும் உணவு, காணவிருக்கும் வள்ளலின் பெயரும் இயல்பும், பெறவிருக்கும் பொருள் ஆகியவற்றைத் தெளிவுறச் சொல்கிறது. அதன் அழகு அத்தெளிவினின்றும் பிரிக்க இயலாதது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், பக்கம் ஒன்று நான்கு வினாக்களுக்கு எழுத்தில் விடைதர வேண்டும்: இவர் யார்? இங்குக் கிடைப்பது யாது? அடைவது எவ்வாறு? ஆக்கியோர் எவரெவர்? பலகாரம் விற்பவர், “கையால் பிழிந்த முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. ஒரு சாடி 25 வெள்ளி. கிள்ளான் வட்டாரத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்புவரை சொல்லிவைக்கலாம்” என நான்கு வரிகள் எழுதி, அவற்றின்கீழ் மலாயிலும் ஆங்கிலத்திலும் தந்தால் போதும். பாடல் வெளியிடுபவர், பாடலின் பெயர், வரி எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவு செய்தவர், ஊர், ஆண்டு ஆகிய ஏழு செய்திகளைத் தமிழ் எழுத்தில் தந்தால் போதும். பெயர்ப் பகுதியில் உரோமன் வடிவுடன் தமிழ் வடிவத்தையும் சேர்த்தெழுதலாம். அப்பகுதி தேடலுக்கு உட்பட்டது. ‘மீரா இனிமை’, ‘முக்தா மலர்’, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ முதலிய ஒருங்குறி எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால் எழுத்துருச் செலவும் இல்லை. படத்தில் தூரிகைத் தமிழ் இருக்கட்டும். அது கொடியின் வண்ணம். செய்தி படத்திற்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முடிவுரை

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் தமிழ் எழுதக் கற்பிக்கின்றன. அங்குக் கற்றதை மாணவர் பிற்காலத்தில் பயன்படுத்தும் இடங்களுள் கடைக்கும் கலைக்கும் உரிய இப்பக்கங்கள் முதன்மையானவை. ஆசிரியர்கள் அறிவிப்பும் விளம்பரமும் எழுதும் பயிற்சிகளில் ஒரு பாடலுக்கோ ஒரு சிறு கடைக்கோ உரிய விளக்கப் பகுதியை எழுதவைக்கலாம். வட்டாரத்திலுள்ள வணிகர் ஒருவருக்கு மாணவர் எழுதிய நான்கு வரிகள் உண்மையாகவே பயன்படுமாயின், அப்பயிற்சிக்கு அதனினும் சிறந்த மதிப்பெண் இல்லை. பல்கலைக்கழகத் துறைகள் உள்நாட்டுப் பாடல் வெளியீடுகளின் விவரங்களை ஆண்டுதோறும் திரட்டி வைப்பின், தளங்கள் அழியினும் பெயர்கள் எஞ்சும்.

பிழை திருத்தும் முறையிலும் மாற்றம் தேவை. தமிழில் எழுதத் துணிந்த வணிகரின் பிழையைப் பலர் முன் சுட்டாமல், தனிச்செய்தியில் திருத்திய வரியை அனுப்புவது நல்லது. அச்சுக்கோப்பவரும் மெய்ப்புத் திருத்துபவரும் அன்று செய்த பணி அதுவே. அவர்கள் திருத்தினர், விளம்பரம் கொடுத்தவரை நாணச்செய்யவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. அதனை நிரப்பும் தகுதி தமிழாசிரியர்க்கே மிகுதியாக உண்டு.